முதல் உதையிலேயே ஸ்டார்ட்

மனித நாகரிகம் மூன்று பெரும் பாய்ச்சல்களில் முன்னேறியது என்பது என் துணிபு. முதலாவது நெருப்பு. இரண்டாவது சக்கரம். மூன்றாவது, பதுளையில் என் வீட்டுக் குசினி. முதலிரண்டைப் பற்றியும் போதுமான அளவு எழுதிவிட்டார்கள். மூன்றாவதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஆகவே தபால் திணைக்களத்திலிருந்து ஓய்வு பெற்று, ஓய்வூதியமும் முழங்கால் வலியும் மாதந் தவறாமல் கிடைத்து வரும் நானே அந்த வரலாற்றுக் கடமையை ஏற்க வேண்டியதாயிற்று.

அந்தச் சமையற்கட்டில்தான் "ஊவா பழைய டூ-ஸ்ட்ரோக் மலை மோட்டார் சைக்கிள் வீட்டுப் பராமரிப்புச் சங்கம்" இயங்குகிறது. தலைவர் ஹாஷிம், டவுனில் ஹாட்வெயார் கடை வைத்திருப்பவர். செயலாளர் நான். உறுப்பினர்கள் என்று எவரும் இல்லை. எங்கள் தீர்மானங்கள் யாவும் ஏகமனதாக நிறைவேறுவதன் இரகசியம் அதுதான். சங்கத்தின் பராமரிப்பிலுள்ள மோட்டார் சைக்கிள்களின் மொத்த எண்ணிக்கை ஒன்று.

அந்த ஒன்றை இலேசாக எண்ணிவிடக் கூடாது. மடுல்சீமைக்கும் அப்பால் ஊசிப்பாறைத் தேயிலைத் தோட்டத்தில், உதவி மனேஜரான சின்னத்துரை ஒருவர் ஓட்டியது அது. அவர் போன பிறகு கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் கிடந்து, அதன் சீட்டில் கோழிகள் பல தலைமுறை அடைகாத்தன. இப்போது அதை ஓட்டுபவர் மருத்துவிச்சி விஜயலெட்சுமி. தோட்டத்தின் மேல்பிரிவுக்குப் போகும் வழியில் வேன் ஏறாது, ஆட்டோ ஏறாது. அரசாங்கம் அவருக்குக் கொடுத்த ஸ்கூட்டர் முதல் வளைவிலேயே ராஜினாமா செய்துவிட்டது. அந்த வழியில் ஏறக்கூடியவை ஆடு, அட்டை, விஜயலெட்சுமியின் மோட்டார் சைக்கிள் ஆகிய மூன்று மட்டுமே.

அது நின்றுபோகும் போதெல்லாம் ஹாஷிமின் லொறியில் படுத்துக்கொண்டு என் குசினிக்கு வரும்.

டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் பழுதானால் காரணம் மூன்றே மூன்று. பெற்றோல் வரவில்லை. நெருப்பு வரவில்லை. இரண்டும் வந்தும் அதற்கு மனம் வரவில்லை. முதலிரண்டுக்கும் நான் வைத்தியம் செய்வேன். மூன்றாவதற்கு ஹாஷிம் மட்டுமே. பக்கத்தில் குந்திக்கொண்டு எஞ்சினிடம் சிங்களத்தில் பேசுவார்.

"ஏன் ஹாஷிம், தமிழ்ல சொன்னா அதுக்கு விளங்காதா?"

"எந்த அரசாங்கக் கந்தோர்ல, நானா, தமிழ்ல சொல்லி வேலை நடந்திருக்கு?" என்றார். நானா என்றால் அண்ணன்.

காபரேட்டருக்குள் பழைய பெற்றோல் பிசினாக ஒட்டிக்கொண்டால், தேசிக்காய் என்கிற எலுமிச்சை பிழிந்த தண்ணீரில் அதைக் கொதிக்க வைக்க வேண்டும். இது எங்கள் சங்கத்தின் விஞ்ஞானப் பங்களிப்பு. அதற்கு அகலமான பாத்திரம் தேவை. என் மனைவி நளீரா மூடியைத் திறந்து பார்த்தாள்.

"இது எந்தச் சட்டி?"

"பெரிய சட்டி."

"நோன்புக் கஞ்சி காய்ச்சுற சட்டி."

"தேசிக்காய் போட்டிருக்கு நளீரா. சுத்தமாகிடும்."

"அப்ப இதையே ஊத்திக் குடிங்க."

அன்று மாலை கஞ்சியில் மெல்லியதொரு எஞ்சின் மணம் இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஹாஷிம் இரண்டு கோப்பை குடித்துவிட்டு, நாக்கைச் சப்பி யோசித்து, "ஒயில் கொஞ்சம் கூடிப் போச்சு நானா" என்றார். கலவை விகிதத்தில் அவருக்கு நிகர் ஊவா மாகாணத்தில் இல்லை.

இத்தகைய சங்கத்துக்குத்தான் சோதனை வந்தது. இந்த முறை மோட்டார் சைக்கிளோடு லொறியில் விஜயலெட்சுமியும் வந்து இறங்கினார்.

"சேர், இதுல கைய வச்சிறாதீங்க" என்றார்.

வைத்தியரிடம் வந்து நோயைத் தொடாதே என்று சொல்வதை நான் என் வாழ்நாளில் கேட்டதில்லை.

"வார கெழம கொழும்புல இருந்து பெரிய ஐயா ஒருத்தர் வாராரு. மேல்பிரிவுக்குக் கொங்கிரீட் பாதை வேணுமா வேணாமான்னு கண்ணால பார்த்து முடிவு சொல்லப் போறாரு. வழியே இல்லன்னு அவரு பார்த்தாத்தான் பாதை. அன்னைக்கு இந்த வண்டி ஸ்டார்ட் ஆகக் கூடாது. பழுதாவே கொண்டாந்து நிப்பாட்டுங்க."

"அவ்வளவு அவசரமா மகள்?"

"கருப்பம்மா அக்காவோட மருமகளுக்கு மாசம் ஆகுது. போன தடவ கம்பளியில போட்டு, கம்புல கட்டி, நாலு பேரு தூக்கிக்கிட்டு இறங்குனோம். கீழ ஜீப்புக்கு வந்து சேரும்போது புள்ள இல்ல. இந்த மோட்டார் சைக்கிள் என்னையத் தூக்கிட்டுப் போகும் சேர். அவளத் தூக்கிட்டு வராது."

ஹாஷிம் கையிலெடுத்திருந்த ஸ்பேனரைப் பெட்டிக்குள் போட்டார். பிறகு சங்கம் அவசரமாகக் கூடி, மேற்படி மோட்டார் சைக்கிளைப் பராமரிக்காமல் விடுவதென்று ஏகமனதாகத் தீர்மானித்தது.

"ஒண்டும் செய்யாம இருக்கிறதுக்கு ஒரு சங்கமா?" என்றார் ஹாஷிம், மனம் நொந்து.

"நாட்டில மிச்சம் சங்கங்கள் அதைத்தானே செய்யுது" என்று நான் ஆறுதல் சொன்னேன்.

இங்கே வாசகர் தோட்டத்து மரபொன்றை அறிந்துகொள்வது நல்லது. பெரிய மனிதர் ஒருவர் வரப்போகிறார் என்றால் தோட்டம் ஒரே நாளில் சொர்க்கமாகிவிடும். தொழிலாளர் குடியிருக்கும் லயத்துச் சுவருக்குச் சுண்ணாம்பு. அழுக்குத் தண்ணீர் ஓடும் கானுக்குத் துப்புரவு. மழைக்கு ஒழுகும் கூரை துரைக்கு ஒழுகாது. துரை பார்த்து, திருப்திப்பட்டு, "எல்லாம் நல்லா இருக்கே" என்று சொல்லிவிட்டுப் போவார். மறுநாள் மழை பெய்யும். நூற்றைம்பது வருடமாக இந்த மரபு சிறு கீறலும் இல்லாமல் காப்பாற்றப்பட்டு வருகிறது. நம் நாட்டில் உண்மையாகவே பராமரிக்கப்படும் ஒரே பொருள் இதுதான் என்று நினைக்கிறேன்.

பதுளை டவுனிலும் இந்த மரபு பரவியிருப்பது ஐயா வருவதற்கு முந்திய நாள் பின்னேரம்தான் எனக்குத் தெரிந்தது.

ஹாஷிம் பிளக்கைக் கழற்றிப் பார்த்தார். பார்ப்பது பராமரிப்பு ஆகாது. பார்த்தபோது அது கரி பிடித்துக் கிடந்தது. கரியைக் கண்ட பிறகு துடைக்காமல் வைப்பது மனிதப் பண்பு ஆகாது. பிளக் பளிச்சென்று ஆனதும் காபரேட்டர் அதன் பக்கத்தில் ஏழை உறவினன் போலத் தெரிந்தது. அதையும் கழற்றினோம். நளீரா வாசலில் வந்து நின்றாள்.

"மிஸ்ஸி கை வைக்க வேணாம்னு சொன்னாங்க தானே?"

"கை வைக்கல்ல. பிரஷ் மட்டும்தான்" என்றேன்.

"அது என்ட பல்லு விளக்குற பிரஷ்."

ஹாஷிம் தலை நிமிரவில்லை. தாத்தா என்றால் எங்கள் பேச்சில் அக்கா. "பெரிய மனிசன் கண்ணுக்கு முன்னால நிக்கப் போற வண்டி, தாத்தா. இந்தக் கோலத்தில கொண்டு போய் வச்சா பதுளைக்கே வெக்கம் இல்லயா?"

நியாயமான கேள்வி. சைலன்சரையும் கழற்றி அடுப்பில் போட்டுக் கரியை எரித்தோம். அண்டை வீட்டார் இருமினார்கள். மக்ரிபு தொழுகை நேரத்துக்குள் அது கல்யாண மாப்பிள்ளை போல நின்றது. "ஆனா ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கல்ல நானா" என்றார் ஹாஷிம். தீர்மானத்தின் கௌரவம் இவ்வாறு காப்பாற்றப்பட்டது.

மறுநாள் லொறியில் ஊசிப்பாறை அடிவாரத்தில் போய் இறங்கினோம். இறங்கியதும் நான் வழியைப் பார்த்தேன். பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். பள்ளங்களில் கல் நிரப்பியிருந்தது. இரு பக்கமும் புல் செதுக்கியிருந்தது. ஓரக் கற்கள் எல்லாம் வெள்ளை வெளேரென்று சுண்ணாம்பு பூசிக்கொண்டு மலையுச்சி வரை வரிசையில் நின்றன. முதல் வளைவில் இரண்டு வாழை மரங்கள், மாவிலைத் தோரணம். நடுவே சேலையை இழுத்துச் சொருகி, சுண்ணாம்பு வாளியோடு கருப்பம்மா.

"எப்புடி தபால் ஐயா இருக்கு? பிரிவு முழுக்க ரெண்டு நாளு பெரட்டுக்கு, வேலைக்குப் போகாம செஞ்சோம்."

விஜயலெட்சுமி தலையில் கை வைத்துக்கொண்டு கல்லில் உட்கார்ந்திருந்தார். "நான் என்னக்கா சொன்னேன்? இருக்கிறபடியே விடுங்கன்னு சொன்னேனா இல்லியா?"

"சொன்னீங்க மிஸ்ஸி. அதுக்காகப் பெரிய மனுசன் வாரப்ப குப்பையும் கூளமுமாவா போட்டு வைக்கிறது? நம்மளப் பத்தி என்ன நெனப்பாரு?"

"சரி. வண்டியாவது பழுதாத்தானே இருக்கு?" என்று விஜயலெட்சுமி எங்களைப் பார்த்தார். ஹாஷிம் மலையுச்சியைப் பார்த்தார். நான் ஹாஷிமைப் பார்த்தேன். மோட்டார் சைக்கிள் வெயிலில் மின்னியது.

கொழும்பு ஐயா ஜீப்பில் வந்தார். "மலையக இணைப்பு ஆலோசகர்" என்பது அவருடைய பதவி. எதோடு எதை இணைப்பவர் என்று நான் கேட்கவில்லை. ஜீப் வாழை மரத்தடியிலேயே முனகி நின்றது. இதற்கு மேல் ஏறாது என்றார் டிரைவர்.

"அப்போ வாகனம் போக வழி இல்லைதானே?" என்றார் ஐயா.

விஜயலெட்சுமியின் முகத்தில் வெளிச்சம் வந்தது. கருப்பம்மாகூட வாளியைப் பின்னால் மறைத்தாள். பாதை கிட்டத்தட்ட கிடைத்துவிட்டது. அப்போதுதான் ஐயா திரும்பினார்.

"இந்த அழகான மோட்டார் சைக்கிள் யாருடையது?"

"என்னோடது சேர். ஸ்டார்ட் ஆகாது."

"ஒருக்கா உதைச்சுப் பாருங்களேன்."

விஜயலெட்சுமி உதைத்தார் என்று சொல்வது மிகை. செருப்பு நுனியால் கிக்கரை வருடினார், தூங்குகிற பூனையை எழுப்பக் கூடாது என்று நினைப்பவர் போல. முதல் உதையிலேயே ஸ்டார்ட். புகை இல்லை. இருமல் இல்லை. மலைகள் திருப்பிச் சொல்லும்படி சுத்தமான சத்தம். அந்தச் சத்தத்தைக் கேட்டு ஹாஷிமின் கண்கள் கலங்கியதை நானே கண்டேன்.

ஐயா பின்சீட்டில் ஏறிக்கொண்டார். போகும் வழியில் அதை நிறுத்திவிட மூன்று தடவை முயன்றதாகவும், கானுக்குள்கூட இறக்கிப் பார்த்ததாகவும், அது ஐயாவையும் தூக்கிக்கொண்டு கானிலிருந்து தானே ஏறிவந்ததாகவும் விஜயலெட்சுமி பிறகு சொன்னார். அதைவிட உயர்ந்த நற்சான்றிதழ் எந்தச் சங்கத்துக்குக் கிடைத்திருக்கிறது?

ஐயா இறங்கி வந்தபோது தலைமுடி நின்றுகொண்டிருந்தது. "அருமையான வழி. தோட்டத்து மக்கள் எவ்வளவு ஒழுங்கா வச்சிருக்கிறாங்க. இந்த மோட்டார் சைக்கிளைப் பராமரிக்கிறது யார்?"

இருவரும் ஒரே நேரத்தில் ஒரு அடி முன்னால் வந்தோம்.

முடிவு அந்த இடத்திலேயே அறிவிக்கப்பட்டது. ஊசிப்பாறை மேல்பிரிவுக்கு "அணுகல் வசதி" உண்டு. அதுவும் "முன்மாதிரியான உள்ளூர்த் தீர்வு". இதற்கென்று ஒதுக்கியிருந்த கொங்கிரீட் எல்ல என்ற சுற்றுலா ஊர்ப் பக்கம் போயிற்று. வெள்ளைக்காரர்கள் நின்றுகொண்டு தேயிலையைப் படம் பிடிக்க அங்கே இப்போது உறுதியான மேடை ஒன்று இருக்கிறது. ஊசிப்பாறைக்கும் வெறுங்கை காட்டவில்லை. எங்கள் சங்கத்தைக் கௌரவித்து மேல்பிரிவில் ஒரு கருங்கல் நாட்ட உத்தரவாயிற்று.

கல் லொறியில் அடிவாரம் வரை வந்தது. முன்மாதிரியான மோட்டார் சைக்கிளின் பின்சீட்டில் அதைக் கட்டினோம். முன்சக்கரம் வானத்தைப் பார்த்து எழுந்து நின்றது. கொஞ்சம் யோசித்துவிட்டு, கருப்பம்மாவின் மகன் சுரேஸ் மேலே போய்க் கம்பளியும் கம்பும் கொண்டு வந்தான். நாலு பேர் கல்லைக் கம்பளியில் கட்டித் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். நாங்கள் மோட்டார் சைக்கிளில் ஒவ்வொருவராக முன்னால் போனோம்.

கல்லை நாட்டியதும் நான் உரையாற்றினேன். நெருப்பில் தொடங்கி, சக்கரத்தைக் கடந்து, தேசிக்காய்க்கு வந்திருந்தேன். லயத்துப் பக்கம் ஏதோ சத்தம். விஜயலெட்சுமி கூட்டத்திலிருந்து எழுந்து ஓடினார். கொஞ்ச நேரத்தில் கருப்பம்மா என் முன்னால் வந்து நின்று, கல்லுக்குக் கீழே கிடந்த கம்பளியை எடுத்துத் தூசி போக உதறினாள்.

"பேச்ச முடிச்சீங்கன்னா தபால் ஐயா, அந்த நாலு பேரும் வேணும்."

கல் ஏறிய கம்பளியிலேயே மருமகள் இறங்கினாள். சுண்ணாம்புக் கற்களுக்கு நடுவே, விஜயலெட்சுமி கூடவே ஓட. முன்னால் வழி விலக்கியபடி ஹாஷிம் மோட்டார் சைக்கிளில் போனார். பிள்ளை ஜீப்புக்குக் காத்திருக்கவில்லை. மூன்றாவது வளைவிலேயே வந்துவிட்டது. பெண் பிள்ளை. வந்தவுடன் போட்ட சத்தத்தில் சைலன்சர் தோற்றுப்போயிற்று என்று ஹாஷிம் சொல்கிறார். தாயும் பிள்ளையும் சுகம்.

இது முழுக்க முழுக்க எங்கள் பராமரிப்பின் வெற்றி என்பதில் ஐயமில்லை. அன்று அடிவாரத்தில், மரியாதைக்காக, கருப்பம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டேன்.

"கல்லையும் தூக்கி, மருமகளையும் தூக்கி, பொடியன்மாருக்கு நல்ல களைப்பு என்ன? எது பாரம் கூட?"

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"கல்லு லேசுங்க ஐயா. வழி பூராவும் கத்தாம வந்துச்சே."

கல்லில் எங்கள் பெயர்களுக்குக் கீழே இன்னும் ஒரு வரிக்கு இடம் இருக்கிறது. அவளுடைய இந்தச் சொல்லை அதில் வெட்டலாமென்று சங்கம் ஏகமனதாகத் தீர்மானித்திருக்கிறது.