ஒரு காலன் பெட்ரோலும் பதினெட்டு மைலும்

சேசு மரி சூசை துணை

செஞ்சி,
9-2-1944

பூனா மிலிட்டரி ஆஸ்பத்திரியில் உத்தியோகம் பார்க்கும் மாப்பிள்ளை டாக்டர் ஜோசப்ராஜ் அவர்களுக்கு, மாமனார் செபாஸ்தியான் அநேக ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும், உங்கள் மாமியாரும், உங்கள் பாரியாள் மரியசெல்வியும், பிறந்து ஐந்து நாளான உங்கள் மகளும், உங்கள் ஆறு சிலிண்டர் காரும் சுகம். அவ்விடத்தில் உங்கள் சுகத்துக்காகத் தினமும் ஜெபமாலையில் ஒரு மணி தனியாக உருட்டுகிறேன்.

உங்கள் மாமியார் இருதயமேரி சனிக்கிழமை திண்டிவனத்திலிருந்து உங்களுக்குப் போட்ட கார்டில், 'உங்க மாமனார் பெட்ரோலை மிச்சம் பிடிக்கப் போய்ப் பிள்ளையை ரோட்டில் பிறக்க வைத்தார்' என்று எழுதியிருப்பதாக அவளே என்னிடம் சொன்னாள். கார்டில் இடம் கொஞ்சம். கோபத்துக்கு அது போதும், விவரத்துக்குப் போதாது. ரயில்வேயில் இருபத்தொன்பது வருஷம் இஞ்சின் ட்ரைவராக இருந்தவன் நான். தண்டவாளத்தில் ஒரு எருமை குறுக்கே வந்தால்கூட ரிப்போர்ட் எழுதாமல் வீட்டுக்குப் போனதில்லை. ஆகவே நடந்ததை நடந்தபடி கீழே எழுதுகிறேன். படித்துவிட்டு யார் பேரில் தப்பு என்று நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

நீங்கள் பட்டாளத்தில் சேர்ந்து காரை என் பொறுப்பில் விட்டுப் போன மறுமாதம், 'இந்த வண்டி காலனுக்குப் பன்னிரண்டு மைல்தான் கொடுக்கும், யுத்தகாலத்தில் இது யானையைக் கட்டித் தீனி போடுகிற கதை, வந்த விலைக்குத் தள்ளிவிடுங்கள்' என்று எழுதினீர்கள். அதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. நிலக்கரியை மிச்சம் பிடித்து இஞ்சின் ஓட்டியதற்காகத் துரை கையால் கைக்கடிகாரம் வாங்கினவன் வீட்டு வாசலில் நிற்கிற வண்டி பன்னிரண்டு மைலா? மேலும் மரியசெல்விக்கு நாள் நெருங்குகிறது. தலைச்சன் பிரசவம். திண்டிவனம் ஆஸ்பத்திரியில்தான் பார்க்கவேண்டும் என்று நீங்களே சொல்லிவிட்டுப் போனீர்கள். திண்டிவனம் பதினெட்டு மைல். பெட்ரோலுக்குப் பதில் கரி அடுப்பை மூட்டி ஓட்டுகிற பஸ்ஸை நம்பலாமா? போன மாசம் அந்த பஸ் வல்லத்தில் நின்றுபோய், ஏறின சனம் எல்லாம் இறங்கி, ஆளுக்கு ஒரு விசிறியோடு அடுப்பை விசிறிக்கொண்டிருந்ததை என் கண்ணால் பார்த்தேன். காரை விற்கிறதில்லை, இருபது மைலுக்குக் கொண்டுவராமல் விடுகிறதில்லை என்று அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டேன். அப்போது தொட்டியில் இருந்தது இரண்டு காலன் சொச்சம். பெட்ரோல் ரேஷன் கூப்பன் கேட்கப் போனால், காருக்குச் சொந்தக்காரர் கையெழுத்து வேண்டும் என்றார்கள். சொந்தக்காரர் பூனாவில். பெட்ரோல் அளவுக்குக் காலன் என்று பேர் வைத்தவன் சும்மா வைக்கவில்லை, மாப்பிள்ளை. தொட்டி மூடியைத் திறக்கிறபோதெல்லாம் உள்ளே எமன்தான் தெரிந்தான்.

முதலில் பாரத்தைக் குறைத்தேன். உபரிச் சக்கரம், முன்னும் பின்னும் இருக்கிற பம்பர், உங்கள் புஸ்தகப் பெட்டி எல்லாவற்றையும் இறக்கிக் கோழிக் கூண்டுப் பக்கம் வைத்தேன். (புஸ்தகங்கள் பத்திரமாக இருக்கின்றன, கோழிகள்தான் இடம் மாறிவிட்டன.) அடுத்து, ஆறு சிலிண்டர் என்றால் ஆறு வாய், ஒரு வாயைக் கட்டினால் ஆறில் ஒரு பங்கு மிச்சம் என்று கணக்குப் போட்டு ஒரு பிளக்கின் ஒயரைக் கழற்றிவிட்டுக் கிளப்பினேன். வண்டி குளிர்ஜுரம் கண்டவன் மாதிரி உதற ஆரம்பித்தது. கடைத்தெரு முனையில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிற ராஜாராம் சத்தம் கேட்டு ஓடிவந்து, "இன்னா ட்ரைவரய்யா, யார் உங்களுக்கு இதைச் சொல்லிக் குடுத்தது? ஒயரைப் புடுங்கினா அது வேலையைத்தான் நிறுத்தும், குடிக்கிறதை நிறுத்தாது. அஞ்சு பேர் ஒழைக்கிறான், ஆறு பேர் சாப்புடுறான்" என்றான். எங்கள் ரயில்வேயிலும் அப்படிச் சில பேர் உண்டு என்பதால் உடனே புரிந்துகொண்டு ஒயரை மாட்டிவிட்டேன்.

அதற்கப்புறம் இறக்கத்தில் இஞ்சினை அணைத்துவிட்டு உருட்டுகிற முறையைப் பார்த்தேன். திருவண்ணாமலை ரோட்டில் கோட்டை வாசல் மேட்டிலிருந்து அணைத்துவிட்டேன், வண்டி பூனை மாதிரி சத்தமில்லாமல் இறங்கி வருகிறது, ஒரு சொட்டுச் செலவில்லை, எனக்கு ஆனந்தக் கண்ணீர், அந்தக் கண்ணீரில் எதிரே இளையபெருமாள் மாட்டுவண்டியில் தூங்கிக்கொண்டு வந்ததைக் கவனிக்கவில்லை. கிட்டே வந்தபிறகுதான் பார்த்து ஹாரனை அடித்தேன். சத்தமே இல்லாத இடத்தில் திடீரென்று ஹாரன் கேட்டதும் மாடுகள் இரண்டும் ரோட்டை விட்டு இறங்கி வண்டியோடு குளத்துக்குள் போய் நின்றன. இளையபெருமாள் இடுப்பளவு தண்ணியில் எழுந்து நின்று, "ஜப்பான்காரன் வந்துட்டான்!" என்று கத்தினார். ஊரே கூடிவிட்டது. சமாதானம் பண்ணி மாட்டை வெளியே இழுக்க நாலு மணி நேரம். வீட்டுக்கு வந்தால் உங்கள் மாமியார், "மிச்சம் பிடிக்கிறதுக்கே பாதி தீர்ந்து போச்சு. இன்னும் ரெண்டு தரம் மிச்சம் பிடிச்சீங்கன்னா தொட்டி காஞ்சு போவும்" என்றாள். அவள் சொன்னது நிஜம்தான். அதற்காக விட்டுவிட முடியுமா?

ராஜாராம்தான் கடைசியில் நோயைக் கண்டுபிடித்தான். ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒரு குமிழ் இருக்கிறதே, நீங்கள் வைத்தியப் பையை மாட்டி வைப்பீர்களே, அது கொக்கி இல்லை மாப்பிள்ளை. காலையில் குளிர்ந்த இஞ்சினைக் கிளப்ப அதை இழுத்தால் பெட்ரோல் கூடுதலாகப் போகும். கிளம்பினதும் உள்ளே தள்ளிவிட வேண்டும். நாலு வருஷம் பை தொங்கித் தொங்கி அது பாதி இழுத்தபடியே இறுகிப் போயிருக்கிறது. நான் குற்றமாகச் சொல்லவில்லை. மனுஷ உடம்பில் எந்தக் குமிழை எப்போது தள்ளவேண்டும் என்று உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. ராஜாராம் எண்ணெய் போட்டு அதைத் தள்ளினான், ஒட்டிக்கொண்டிருந்த பிரேக்கையும் தளர்த்தினான். தொட்டியைக் காலி பண்ணி, கால் காலன் மட்டும் அளந்து ஊற்றிக்கொண்டு சிங்கவரம் போய்த் திரும்பினேன். ஐந்து மைல் வந்து நின்றது. காலனுக்கு இருபது! ராஜாராமைக் கட்டிப்பிடித்தேன். வெளியே டின்னில் எடுத்து வைத்ததை மறுபடி தொட்டியில் ஊற்றினோம். சரியாக ஒரு காலன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மரியசெல்விக்கு வலி கண்டது. மருத்துவச்சி நாகம்மாளை அழைத்து வந்தோம். பார்த்துவிட்டு, "நேரம் இருக்குது, திண்டிவனம் போயிடலாம், நானும் கூட வரேன்" என்றாள். உங்கள் மாமியார் ஒரு டிரங்குப் பெட்டி, இரண்டு தலையணை, ஒரு தவலை, அரிக்கேன் விளக்கு இவ்வளவும் ஏற்றினாள். நான் தவலையை இறக்கினேன். அவள் ஏற்றினாள். நான் விளக்கை இறக்கினேன். "பொண்ணு முக்கியமா, பெட்ரோல் முக்கியமா?" என்று தெருவில் நின்று கேட்டாள். பெண்ணுக்காகத்தானே பெட்ரோல் என்று நான் சொன்னது யார் காதிலும் விழவில்லை. நாகம்மாள் மரியசெல்வியைத் தாங்கிப் பிடித்து ஏற்றினாள், கிளம்பினோம்.

ஆக்ஸிலேட்டருக்கு அடியில் ஒரு மரக்கட்டை வைத்திருந்தேன். இருபத்திரண்டு மைல் வேகத்துக்கு மேல் அமுங்காது. அந்த வேகத்தில் போனால்தான் அந்த ஒரு காலன் திண்டிவனம் வரைக்கும் வரும். வேகமாகப் போனால் வழியில் நின்றுபோகும். நின்றுபோனால் அந்த ரோட்டில் யார் இருக்கிறார்கள்? இது கணக்கு. ஆனால் வல்லம் தாண்டினதும் பின்னாலிருந்து ஒரு முனகல். "சீக்கிரம் போ நைனா" என்றாள் மரியசெல்வி. மாப்பிள்ளை, எத்தனையோ தரம் சிக்னல் விழாமல் நடுக்காட்டில் இஞ்சினை நிறுத்திவிட்டுக் கைகட்டி உட்கார்ந்திருக்கிறேன், பதறினதில்லை. அன்றைக்குப் பதறினேன். மைல்கல்லைப் பார்க்கிறேன், முள்ளைப் பார்க்கிறேன், அவள் முகத்தைத் திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. "நைனா..." என்று மறுபடி ஒரு குரல். குனிந்து கட்டையைப் பிடுங்கி வெளியே எறிந்தேன். மிதித்தேன். ஆறு சிலிண்டரும் சேர்ந்து ஒரு சத்தம் போட்டது பாருங்கள், எங்கள் மெயில் இஞ்சின் கெட்டது! முள் நாற்பத்தைந்தைத் தாண்டினது. இரண்டு மைல்தான் போயிருப்போம்.

"நிறுத்து! நிறுத்து!" என்றாள் நாகம்மாள்.

"இன்னும் எட்டு மைல்தானே..." என்று இழுத்தேன்.

"புள்ள மைல்கல்லு பாத்துக்கிட்டா வருது? நிறுத்துய்யா!"

மல்லாட்டைக் கொல்லை ஓரம் நிறுத்தினேன். கொல்லையில் கடலைச் செடியைப் பிடுங்கிக்கொண்டிருந்த பெண்கள் கேட்காமலே ஓடிவந்து காரைச் சுற்றிச் சேலையைப் பிடித்து நின்றார்கள். நாகம்மாள் வெந்நீர் கேட்டாள். ரேடியேட்டரில் கொதிக்கக் கொதிக்க இருக்கிறது என்றேன். அவள் பார்த்த பார்வையில் முன்பக்கம் போய் நின்றுகொண்டேன். கொல்லைக்காரர்கள் கஞ்சி காய்ச்சுகிற அடுப்பில் உங்கள் மாமியார் தவலையை ஏற்றினாள். (தவலை விஷயத்தில் நான் தோற்றுப்போனேன் என்று எழுதி வைக்கிறேன்.) சூடான பானட்டில் கையை வைத்தபடி நின்றேன், கை சுட்டது பிற்பாடுதான் தெரிந்தது. அருள் நிறைந்த மந்திரத்தை ஆரம்பிக்கிறேன், பாதியில் மறந்துபோகிறது, மறுபடி ஆரம்பிக்கிறேன். பத்தாவது தரமோ என்னவோ, உள்ளேயிருந்து ஒரு அழுகை. கொல்லைப் பெண்கள் குலவை போட்டார்கள். நான் ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

தாயையும் பிள்ளையையும் ஆஸ்பத்திரியில் காட்டியே ஆகணும் என்றாள் நாகம்மாள். "ஆனா அலுங்காம, மெதுவா ஓட்டு" என்றாள். காலையிலிருந்து நான் சொல்லிக்கொண்டிருந்ததும் அதுதான்! இருபது மைல் வேகத்தில், பால் செம்பு கொண்டுபோகிற மாதிரி ஓட்டினேன். ஆஸ்பத்திரி வாசல் வளைவுக்குள் நுழைந்தோம், இஞ்சின் இரண்டு தரம் விக்கினது, நின்றது. தொட்டியில் குச்சியை விட்டுப் பார்த்தேன். நுனிகூட நனையவில்லை. லேடி டாக்டர் பார்த்துவிட்டு இரண்டு பேரும் நல்ல சுகம் என்றார். ஒரு காலன். பதினெட்டு மைல். அதில் இரண்டு மைல் நாற்பத்தைந்து வேகம். நாலு உருப்படி பாரம், அப்புறம் ஐந்து. அதோடு ஒரு தவலை.

நேற்று செவ்வாய்க்கிழமை வீடு திரும்பினோம். பெட்ரோல் இல்லாததால் இரண்டு ஜோடி மாட்டைக் காரில் பூட்டி இழுத்து வந்தோம். நான் ஸ்டியரிங்கைப் பிடித்தேன், பேத்தி பின் மெத்தையில் வழி முழுக்கத் தூங்கினாள். இந்தப் பதினெட்டு மைலையும் கணக்கில் சேர்த்தால் காலனுக்கு முப்பத்தாறு வருகிறது. சேர்க்க மனசு ஒப்பவில்லை, சேர்க்கவில்லை.

ஆகையால் காரை விற்கிற பேச்சு இனி வேண்டாம். இத்துடன் வைத்திருக்கும் கூப்பன் மனுவில் கையெழுத்துப் போட்டுத் தபாலிலேயே திருப்பி அனுப்பவும். இந்த வண்டியின் பெருமையை நான் ஒளித்துவைப்பதாக இல்லை, கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லிவருகிறேன். உங்கள் மகள் உங்கள் மூக்கோடும், என் பிடிவாதத்தோடும் பிறந்திருக்கிறாள் என்று உங்கள் மாமியார் சொல்கிறாள். முதலாவது நல்லதுக்கு, இரண்டாவது ரொம்ப நல்லதுக்கு. சர்வேசுரன் உங்களைக் குண்டுக்கும் ஜுரத்துக்கும் தப்புவித்து, பிள்ளை முகத்தைச் சீக்கிரம் காணச் செய்வாராக.

இப்படிக்கு,
உங்கள் நன்மை கோரும் மாமனார்,
செ. செபாஸ்தியான்,
இஞ்சின் ட்ரைவர் (ஓய்வு)

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போன சமயம், அவலூர்பேட்டை மல்லாட்டை வியாபாரி தனகோட்டி வாசலில் வந்து நின்றார். காலனுக்கு இருபது மைல் கொடுக்கிற கார் செஞ்சியில் இருப்பதாக ஊரெல்லாம் பேச்சாம்; என்ன விலையானாலும் சரி, உங்களுக்கே நேராக எழுதி வாங்கிவிடப் போகிறாராம். நான் அவரிடம், "யாருங்க சொன்னது? எட்டு மைல்கூடக் கொடுக்காது, அதுவும் இறக்கத்தில்தான், நேற்று மாடு கட்டி இழுத்து வந்ததை விசாரித்துப் பாருங்கள்" என்று மாதா சாட்சியாகச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். அவர் கடிதம் வந்தால் எட்டு மைல் என்றே பதில் போடவும். மேலே நான் எழுதினது ஒன்றும் உங்களுக்குத் தெரியாது. மனுவில் கையெழுத்துப் போட்டதும் இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடவும்.