பஸ்ஸை நிறுத்திய ஆரஞ்சுப் பெட்டி

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். (பாலிடெக்னிக்தான், அம்மா ஊரெல்லாம் 'காலேஜ்' என்று சொல்லி வைத்திருந்தாள்.) அதனால் எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்றே நினைத்திருந்தேன்.

ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலை லைனில் நாள் முழுக்க நின்று ஸ்க்ரூ முடுக்கும் வேலை. டெஸ்டிங் ரூமுக்கு ஒரு ஆள் தேவை, சொந்தமாக ஏதாவது செய்து காட்டு, பார்க்கலாம் என்றார் மேனேஜர். டெஸ்டர் ஒன்று செய்தேன். வயர் உள்ளே அறுந்திருக்கிறதா என்று பார்ப்பதற்கு. பெட்டியிலிருந்து நீளும் இரண்டு வயர் முனைகளும் ஒரே உலோகத்தைத் தொட்டால் 'பீப்' என்று கத்தும். அதற்கு ஸ்ரீபெரும்புதூர் கடையொன்றில் த்ரீ-டி பிரிண்டரில் ஆரஞ்சு நிறப் பெட்டி அடித்தேன். மூடியில் புடைப்பெழுத்தில் என் பெயர், பக்கத்தில் படிப்பு. ஸ்க்ரூ தெரிந்தால் அசிங்கம் என்று பசை போட்டு ஒட்டிவிட்டேன். சுவிட்ச் வைக்கவில்லை, பெயருக்கே இடம் பற்றவில்லை.

அம்மா திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இத்த எப்டிடி நிறுத்துறது?"

"அதெல்லாம் உனக்குப் புரியாதும்மா."

மறுநாள் பையில் பெட்டி; பக்கத்திலேயே அம்மா வைத்த எவர்சில்வர் டிபன் பாக்ஸ். கம்பெனி பஸ்ஸில் உட்கார இடமில்லை. டிரைவர் பக்கத்தில், இன்ஜின் மூடிமேல் கிடந்த பைகளோடு என் பையையும் போட்டுவிட்டுப் பின்னால் போய் நின்றேன்.

படப்பை தாண்டியதும் பீப். பள்ளத்தில் இறங்கினால் நின்றது, ஏறினால் கத்தியது.

"இன்னாபா இது, இன்ஜின் கத்திகினு கீது" என்றார் டிரைவர்.

நான் பின்னாலிருந்து குரல் கொடுத்தேன். "சென்சார் வயர் லூஸா இருக்கும்ண்ணே. அப்படியே ஓட்டாதீங்க." (என்னை யாரும் கேட்கவில்லை.)

"படிச்ச பொண்ணு சொல்லுதுபா" என்று சேரப்பணஞ்சேரி அருகே ஓரங்கட்டினார். இன்ஜின் மூடியைத் திறக்கப் பைகளை ஒவ்வொன்றாக எடுத்தார். என் பையைத் தூக்கியதும் சத்தம் நின்றது. வைத்தார்; பீப். மறுபடி தூக்கினார், அமைதி.

"யாருதுபா இந்தப் பை?"

நான் முன்னால் நின்றவர் முதுகுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன். டிரைவர் உள்ளே கையை விட்டு, டிபன் பாக்ஸைத் தொட்டுக்கொண்டு கிடந்த முனைகளோடு பெட்டியை எடுத்து, மூடியைச் சத்தமாக வாசித்தார். "மு. கலைவாணி, டி.இ.சி.இ."

எல்லாத் தலையும் திரும்பியது.

"எம்மா கலைவாணி, இத்த நிறுத்து."

"நிறுத்த முடியாதுண்ணே."

அதை மறுபடி பையில் போட யாரும் விடவில்லை. பெட்டியை அக்குளில் இடுக்கி, கைக்கொரு முனையாகப் பிரித்துப் பிடித்து, கம்பியைப் பிடிக்கக் கையில்லாமல், ஒரகடம் வரை எல்லார் மீதும் விழுந்துகொண்டே போனேன்.

மொத்த பஸ்ஸும் லேட். கதை எனக்கு முன்பே மேனேஜரிடம் போயிருந்தது.

"சுவிட்ச் எங்கம்மா?"

"இல்ல சார்."

"பேட்டரி தீந்தா?"

அவர் பெட்டியை நெம்பிப் பார்த்தார், பசை விடவில்லை. "வேலை செய்யுதான்னு கேக்க வேணாம், அதான் ஒரு பஸ்ஸே சாட்சி சொல்லுதே. ஒரு வாரம் டைம். சுவிட்சும், தொறக்கிற மூடியும் வெச்சு வேற கொண்டா."

கொண்டுபோனேன். இன்று டெஸ்டிங் ரூமில் எனக்கென்று ஒரு மேஜை உண்டு. அதன் மேல் இருக்கும் பெட்டியில் பெயர் கிடையாது.

பழைய பெட்டி வீட்டு ஷோகேசில் இருக்கிறது. யார் வந்தாலும் அம்மா அதை எடுத்து, முனைகளை டம்ளரில் வைத்துக் கத்தவிட்டு, "இத்த வெச்சுத்தான் எம்பொண்ணு கம்பெனி பஸ்ஸயே நிறுத்துச்சு" என்பாள். போன வாரம் சித்தி வந்திருந்தாள்.

"இத்த எப்டிக்கா நிறுத்துறது?"

அம்மா என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அதெல்லாம் உனக்குப் புரியாதுடி."