billPDF என்பதா, billPdf என்பதா

மதிப்பிற்குரிய அண்ணிக்கு,

வணக்கம். நலமா என்று கேட்டுத்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும். இப்போது உங்களிடம் அதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. பிள்ளைகள் வேளைக்குச் சாப்பிடுகிறார்கள் என்று நம்புகிறேன்.

அன்று துக்கம் கேட்க வந்துவிட்டுக் கிளம்பும்போது, "வீட்டுக்கு வந்தா உங்கண்ணன் உங்களத் திட்டாம ஒரு வாய் சாப்பிடமாட்டார். அப்படி என்னதான் சண்டை ரெண்டு பேருக்கும்?" என்று கேட்டீர்கள். நான் செருப்பைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன். அதற்குப் பதில்தான் இது.

அண்ணி, வாடிக்கையாளருக்குப் பில் அனுப்பும் எங்கள் புரோகிராமில் பெயர்களை இடைவெளி விடாமல் ஒட்டித்தான் எழுதுவோம். அடுத்த வார்த்தை எங்கே தொடங்குகிறது என்று தெரிவதற்காக அதன் முதல் எழுத்தை மட்டும் பெரிதாகப் போடுவோம். அந்த வார்த்தையே ஒரு சுருக்கமாக இருந்துவிட்டால்தான் வம்பு. அண்ணன் billPDF என்று எழுதுவார், நான் billPdf என்று எழுதுவேன். "மூணு எழுத்தும் மூணு வார்த்தைப்பா. ஒருத்தரை நிக்க வச்சுட்டு மத்த ரெண்டு பேரை உக்கார வைப்பியா?" என்பார். "ரெண்டு சுருக்கம் சேர்ந்து PDFURLனு வந்தா எங்க வெட்டுறதுண்ணே? எல்லாம் பெரிய எழுத்தா ஒரே கூச்சலா இருக்கு" என்பேன். அவர் டீ குடிக்கப் போனால் நான் மாற்றுவேன், நான் போனால் அவர் மாற்றுவார். எதிரெதிர் மேசையில் உட்கார்ந்துகொண்டு வருஷக்கணக்காக இதே பிழைப்பு.

நான் ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்தபோதும் அண்ணன் மூக்கில் குழாயோடு, "மாத்திட்டியா?" என்றுதான் கேட்டார். "இல்லண்ணே, நீங்க வாங்க, நேர்ல பேசிக்கலாம்" என்றேன். சிரித்தார்.

அவர் போனபிறகு மேனேஜர் கூப்பிட்டு, "இனிமே தடுக்க ஆளில்ல. உங்க இஷ்டப்படியே எல்லாத்தையும் மாத்திடுங்க" என்றார். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார், எனக்குத்தான் மாற்ற மனம் வரவில்லை. ஆபீஸ் கூட்டத்தில் எழுந்து, மூணு எழுத்தும் மூணு வார்த்தை, மூணு பேருக்கும் மரியாதை வேணும் என்று அண்ணன் பேசியதையே பேசினேன். எல்லாரும் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். கடைசியில் சரியென்று விட்டுவிட்டார்கள். நான் எழுதிய சின்ன எழுத்தையெல்லாம் நானே உட்கார்ந்து பெரிதாக்கினேன், அண்ணி. கண் சரியாகத் தெரியாததில் ஓர் இடம் மட்டும் மாற்றாமல் விட்டுப்போய், பெயர் பொருந்தாமல், வாடிக்கையாளர் எல்லாருக்கும் வெறும் வெள்ளைத்தாள் பில்லாகப் போயிற்று. ஒருவர் போன் செய்து நன்றி சொன்னார். "ரெண்டு பேரும் அடிச்சுக்கிட்டப்பகூட இந்த லட்சணம் இல்ல" என்றார் மேனேஜர். வாங்கிக்கொண்டேன். ஆக, சண்டையில் ஜெயித்தது அண்ணன்தான். அதை உங்களிடம் சொல்லத்தான் எழுதினேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். எந்த நேரமானாலும் கூப்பிடுங்கள், வந்து நிற்பேன். பிள்ளைகளுக்கு என் அன்பு.

இப்படிக்கு,
எதிர் மேசைக்காரன்

பி.கு.: மேலே எழுதியதை மறந்துவிடுங்கள் அண்ணி. இதை உறையில் போடுமுன் மேனேஜர் வந்து, முழுப் புரோகிராமையும் வேறு கம்ப்யூட்டர் மொழிக்கு மாற்றப்போகிறோம் என்றார். அங்கே எல்லாமே சின்ன எழுத்து, நடுவில் ஒரு கோடு, bill_pdf. அண்ணனும் தோற்றார், நானும் தோற்றேன். "கேட்டீங்களாண்ணே?" என்று எதிர் மேசையைப் பார்த்துச் சொல்லிவிட்டேன். அங்கே புதிதாகச் சேர்ந்திருப்பவர் காதிலிருந்த ஹெட்போனைக் கழற்றிவிட்டு, "என்னையா சார் கூப்பிட்டீங்க?" என்றார்.