வெள்ளிக்கிழமை தண்ணீர் வருகிறது

கற்பனை பொங்கி வழிகிறவனிடம் ஒலிபெருக்கியைக் கொடுக்கக் கூடாது. எங்கள் வீட்டில் கொடுத்தார்கள். அந்தக் கற்பனைக்காரன் நான்தான் என்பதை, இத்தனை வருடம் விளம்பரத் துறையில் சம்பளம் வாங்கிய பிறகாவது ஒப்புக்கொள்கிறேன்.

அக்காவின் கணவர் மஸ்கட்டிலிருந்து வந்து, பாபநாசத்தில் டீசல் இன்ஜின் கடை திறக்க இருந்தார். விசாவுக்கு இன்னும் ஒரு மாதம்தான் உயிர். அதற்குள் கடை தேறாவிட்டால் திரும்பிப் போய்விடுவேன் என்று சொல்லிவிட்டார். அவர்கள் மகளுக்கோ அப்பா என்றால் மாதம் ஒருமுறை கேசட்டில் பேசுகிற ஆள். அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நீதான் பெரிய எழுத்தாளனாச்சே. அவர் இங்கயே தங்குற மாதிரி ஒரு விளம்பரம் எழுதிக் குடுடா" என்றாள். (பெரிய எழுத்தாளன்: கல்லூரி ஆண்டு மலரில் ஒரே ஒரு கவிதை.)

தஞ்சாவூரில் அப்போதுதான் கம்ப்யூட்டர் வைத்து ஒலிப்பதிவு செய்ய ஆரம்பித்திருந்தார்கள். அதில் மதகு திறக்கிற சத்தம்கூட இருந்தது. கேட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. முதலில் மதகின் இரைச்சல். பிறகு செய்தி வாசிக்கிற குரலில், "விவசாயப் பெருமக்களே, வெள்ளிக்கிழமை தண்ணீர் வருகிறது." அப்புறம் அரை நிமிடம் வீணை. (மர்மமாம்.) கடைசியில்தான், "ஆற்றை நம்பாமல் உங்கள் வயலுக்கே" என்று இன்ஜினும் கடைப் பெயரும்.

கேசட்டைப் போட்டுக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றப்போகிற ஆட்டோக்காரர் ஒருமுறை கேட்டார். "தம்பி, நம்ம வண்டி நிக்காதுங்க, ஓடிக்கிட்டே இருக்கும். கடைப் பேரை முதல்ல சொல்லிடுங்க."

"சஸ்பென்ஸ் போயிடும்ங்க" என்றேன். அவர் கேசட்டை வாங்கிக்கொண்டு வண்டியை எடுத்தார். எனக்கு ஏது புத்தி.

வண்டி ஓடியது. ஒரு தெருவுக்குத் தண்ணீர் வந்தது, அடுத்த தெருவுக்கு வீணை வந்தது, கடைப் பெயர் மட்டும் ஆளில்லாத வயலுக்குப் போய்ச் சேர்ந்தது. மேட்டூர் அணை திறப்பு தள்ளிக்கொண்டே போன வருடம் அது. அரசாங்க அறிவிப்பும் இப்படித்தான் வண்டியில் வரும். கேட்டவர்கள் சும்மா இருப்பார்களா? விதைநெல்லை ஊறப்போட்டுவிட்டார்கள்.

ஊறிய நெல் யாருக்காகவும் காத்திருக்காது. வெள்ளிக்கிழமை திறப்பு விழாவுக்கு அத்தான் புது வேட்டியில் நின்றபோது, முளைவிட்ட நெல் மூட்டைகளோடு மூன்று மாட்டுவண்டிகள் ஆட்டோக்காரரிடம் வழி விசாரித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றன. "எங்கங்க தண்ணி?" என்றார் முன்னால் இருந்தவர். கோபப்படக்கூட இல்லை.

நான் சஸ்பென்ஸைப் பற்றி விளக்க ஆரம்பித்தேன். "நீ கொஞ்சம் வாயை மூடுறியா" என்றார் அத்தான். பிறகு அவர்களிடம், "விதையை நாத்தங்கால்ல விடுங்க. மேட்டூர் தண்ணி வர்ற வரைக்கும் நம்ம இன்ஜின் இறைக்கும். என் பொறுப்பு."

விற்க வைத்திருந்த இன்ஜின்களைத் தூக்கிக்கொண்டு போய்க் குளத்தில் கிடந்த தண்ணீரை இறைத்தோம். (டீசல் கேன் சுமந்தது யார் என்று கேட்காதீர்கள்.) இன்ஜின் ஓடுவதைக் கண்ணால் பார்த்தவர்கள் தாங்களாகவே கடைக்கு வந்தார்கள். வீணையைக் கேட்டு ஒருத்தரும் வரவில்லை. மேட்டூரோ திறப்பேனா என்றது. கொடுத்த வாக்கை விட்டு அத்தானால் ஒரு நாள்கூட நகர முடியவில்லை. சேற்றில் நின்றபடியே விசாவைச் சாகவிட்டார்.

இப்போது என் விளம்பரம் எது டிவியில் வந்தாலும் அக்காவிடமிருந்து போன் வந்துவிடும். நன்றாக இருக்கிறது என்று இதுவரை சொன்னதே இல்லை. "இதுக்கு எத்தனை மூட்டைடா முளைச்சுது?" என்பாள். பின்னாலிருந்து அத்தான் சிரிக்கிற சத்தம் கேட்கும்.