லியோ தரப்பினர்

நீதி எங்கே குடியிருக்கிறது என்று யாராவது கேட்டால், ஓசூர் தளி ரோட்டில் எங்கள் குடியிருப்பின் மெயின் கேட்டில் என்று தயங்காமல் சொல்வேன். பெருமைக்குச் சொல்லவில்லை. அந்த கேட்டின் விதிமுறைகளை எழுதியவன் நான்தான்.

தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது குடியிருப்போர் சங்கச் செயலாளர். ஆலையில் ஒரு நட்டு உள்ளே வந்தாலும் கேட் பாஸில் 'நோக்கம்' எழுத வேண்டும். நட்டுக்கு உள்ள ஒழுங்கு மனிதனுக்கு வேண்டாமா என்று யோசித்து, அதே முறையை இங்கேயும் கொண்டுவந்தேன்.

பி பிளாக் ப்ரீதாவும் ஸ்டெபினும் 'சுமுகமாக'ப் பிரிந்தபோது, அவர்களுடைய ஒப்பந்தத்தின் நகல் சங்கத்துக்கும் வந்தது. எவ்வளவு நுட்பமான வாசகம்! மகள் ஃபெபாவை ஞாயிறுதோறும் 'தந்தை' பார்க்கலாம். லியோ என்னும் நாயை ஞாயிறுதோறும் 'தந்தை தரப்பினர்' உலாத்த அழைத்துப் போகலாம். கையெழுத்துப் போட்ட கையோடு ஸ்டெபினைக் கம்பெனி ஜெர்மனிக்கு அனுப்பிவிட்டது.

அடுத்த ஞாயிறு, சர்ச்சில் பூசை முடிந்த கையோடு சாமல்பட்டியிலிருந்து பஸ் ஏறி ஒரு பெரியவர் வந்து நின்றார்.

"சார், நான் ஸ்டெபினோட அப்பா, அருள்ஜோசப். பேத்தியைக் கண்ணால பாத்துட்டுப் போயிர்றேன்."

"ஒப்பந்தத்துல தாத்தான்னு ஒரு வார்த்தை இருக்கா?"

"அவ பொறந்தப்பவே நான் தாத்தாதானுங்களே?"

"எழுத்துல இருக்கணும், ஐயா."

ப்ரீதாவுக்கு போன் போட்டேன். "ஷிஃப்டுக்குக் கிளம்பிட்டிருக்கேன் சார். பேப்பர்ல என்ன இருக்கோ அப்படியே பண்ணுங்க" என்று வைத்துவிட்டார். பொறுப்பான பெண்.

அப்போது காவலாளி மாதப்பன் குறுக்கே புகுந்தான். "சார், தாத்தா இல்லன்னா ஆவட்டும். தரப்பினர்தானுங்களே? நாயைப் பாக்க வுடலாமே!"

உடனே அவசரக் கூட்டம் கூட்டினோம். போண்டா, காபியுடன் காரசாரமாக விவாதித்தோம். குழந்தையைப் பொறுத்தவரை அருள்ஜோசப் யாரோ. நாயைப் பொறுத்தவரை நெருங்கிய உறவு என்று தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. பாஸ் கொடுத்தேன். நோக்கம்: நாய்.

நாயை கேட் வரை வீட்டார் ஒருவர் கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டும் என்பது விதி. ஃபெபா கொண்டுவந்தாள். சங்கிலியின் ஒரு நுனி அவள் கையில், மறுநுனி பெரியவர் கையில். நடுவில் லியோ கொட்டாவி விட்டது.

"குழந்தையைப் பத்திப் பேசக் கூடாது. நாயைப் பத்தி மட்டும்" என்று எச்சரித்தேன்.

"சரிங்க" என்றவர், குனிந்து கேட்டார். "லியோவுக்குப் பல்லு விழுந்திருச்சா பாப்பா?"

"ரெண்டு விழுந்திருச்சு தாத்தா. முன்பல்லு." வாயை அகலத் திறந்து காட்டினாள்.

"கணக்குல எவ்ளோ வாங்குச்சு?"

"லியோ ஃபெயிலு தாத்தா. மிஸ் திட்டுனாங்க. லியோ அழுவவே இல்ல."

"கெட்டிக்கார நாயி!"

விதிமீறல் எதுவும் நடக்கவில்லை. வாராவாரம் லியோவுக்கு அவர் கொண்டுவந்தவையும் முறைப்படி சோதிக்கப்பட்டன. கடலை உருண்டை, கலர் பென்சில், ரிப்பன், வாய்ப்பாடு.

"நாய்க்கு எதுக்கு சார் வாய்ப்பாடு?" என்றான் மாதப்பன், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"நாய்க்குன்னு சொல்லியிருக்காரா? உள்ளே விடு. படிக்குதா இல்லையாங்கறது நம்ம வேலை இல்ல."

இப்படி ஒரு நாய் மூன்றாம் வகுப்பு முடித்து நான்காம் வகுப்புக்குப் போனது. பிறகு ஒரு வியாழக்கிழமை செத்துப்போனது. வயதாகிவிட்டது.

ஞாயிறு காலை அருள்ஜோசப் ஒரு பொட்டலத்தோடு வந்தார். பிரித்தேன். ரோஸ் நிறத்தில் கவுன்.

"இது யாருக்கு?"

"லியோவுக்குங்க. நாளைக்குப் பொறந்தநாளு."

"லியோ காலமாயிடுச்சு, ஐயா. உங்க பாஸும் ரத்தாயிடுச்சு."

அவர் கவுனை மடித்தார். மறுபடி பிரித்தார். மறுபடி மடித்தார். "நான் ஒரு நாய்க்குட்டி வாங்கியாந்து குடுத்துட்டா?"

"ஒப்பந்தத்துல லியோன்னு பேர் போட்டிருக்கு. வேற நாய் செல்லாது."

வாயில்லா ஜீவனை மதிக்கத் தெரிந்தவர்கள் நாங்கள். அன்றைக்கே, கேட்டுக்கு உள்ளே புல்வெளியில் இரங்கல் கூட்டம் நடத்தினோம். நீச்சல்குளத்துப் பக்கம் ஸ்டூல் போட்டு, லியோவின் படத்துக்கு மாலை போட்டிருந்தோம். எல்லோரும் எழுந்து நின்று மௌனம் காத்தோம். கேட்டுக்கு வெளியே அருள்ஜோசப்பும் நின்றார், அனுமதி இல்லாமல்.

ஃபெபா மட்டும் வெறும் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள். ஒரு நாய்க்காக ஒரு குழந்தை இப்படி அழுது நான் பார்த்ததில்லை என்று சங்கத் தலைவரிடம் கண்கலங்கச் சொன்னேன். பிறகுதான் ஒரு குறை தென்பட்டது. லியோவின் படம் நீச்சல்குளத்துப் பக்கம் இருக்க, குழந்தை கேட்டைப் பார்த்து அழுதுகொண்டிருந்தாள்.

ஒழுங்குக் குறைவை நான் அனுமதிப்பதில்லை. மாதப்பனைக் கூப்பிட்டு, படத்தைத் தூக்கிவந்து கேட்டை மறைத்தாற்போல் வைக்கச் சொன்னேன்.