நாற்பது வார்த்தைச் சண்டை

என் மதிப்புக்கும், ஓரளவு பயத்துக்கும் உரிய மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம். உங்கள் தங்கை என்னைவிட நலம். அங்கே நீங்களும், வீட்டில் எல்லோரும், குறிப்பாக உங்கள் வலது முழங்காலும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

உங்கள் கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. வரும் ஞாயிற்றுக்கிழமை வேனோடு வருவதாகவும், குடும்ப ஆலோசகர் கொடுக்கும் அறிக்கை திருப்தியாக இல்லாவிட்டால் தங்கையை அன்றைக்கே ஏற்றிக்கொண்டு போய்விடுவதாகவும் எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து வேனை நிறுத்தி வையுங்கள் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம். அதற்கு முன்னால் ஒரு உண்மையைச் சொல்லியாக வேண்டும். மச்சான், நின்றுகொண்டு படிக்கிறீர்கள் என்றால் உட்கார்ந்துகொள்ளுங்கள். எட்டு மாதமாக வாரம் இரண்டு நாள் நாங்கள் போய்வருவது குடும்ப ஆலோசகரிடம் இல்லை. ருஷ்ய மொழி வகுப்புக்கு. நீங்கள் ஃபோனில் கேட்கும்போதெல்லாம் “நல்லா போகுது மச்சான், நிறைய கத்துக்கிறோம்” என்று நான் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை என்பதையும் கவனிக்கவும்.

நான் ஓய்வுபெற்ற நாளிலிருந்து எங்களுக்குள் ஒத்துவரவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். இருபத்தொன்பது வருஷம் லிஃப்ட் பழுதுபார்த்தவன் திடீரென்று வீட்டில் உட்கார்ந்தால் கை சும்மா இருக்குமா? சமையலறை அலமாரிக் கதவுகளை எல்லாம் கழற்றி எதிர்ப்பக்கம் திறக்கும்படி மாற்றினேன். நல்ல எண்ணம்தான். பல் ஆஸ்பத்திரியில் நாள் முழுக்க வரவேற்பு மேஜையில் நின்றுவிட்டு வந்த உங்கள் தங்கை நெற்றியில் இடித்துக்கொண்டாள். அங்கே ஆரம்பித்த பேச்சு நாளொன்றுக்கு இரண்டு வேளை என்று வளர்ந்து, கடைசியில் நீங்கள் வந்து, “பிரியறதுன்னா பிரிஞ்சுக்குங்க, யார் வேண்டாம்னா? ஆனா அதுக்கு முன்னாடி ஒரு எட்டு மாசம் விஷயம் தெரிஞ்ச ஆள்கிட்ட போய்ப் பேசுங்க” என்று சொல்லி, நூலகக் கட்டடத்தில் இருக்கும் ஆலோசகரின் முகவரியை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனீர்கள். இரண்டாவது மாடி, இடது பக்கம், மூன்றாவது கதவு.

தப்பு நடந்தது இங்கேதான். தரைத்தளத்தை ஒன்று என்று எண்ணுவதா, பூஜ்யம் என்று எண்ணுவதா என்பது லிஃப்ட் தொழிலில் பெரிய விவகாரம். நான் ஒன்று என்று எண்ணுகிற கட்சி. உங்கள் தங்கை படிக்கட்டிலேயே நின்று, “ஏங்க, இன்னும் ஒரு மாடி ஏறணும்” என்றாள். “மாடியப் பத்தி எனக்கே பாடம் எடுக்கறியா?” என்றேன். “எடுக்கத்தான் வேண்டியிருக்கு” என்றாள். விடுவேனா? நேராகப் போய் மூன்றாவது கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்தேன். நான் அசடு வழிவதைப் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும் என்பதற்காகவே அவளும் பின்னால் வந்தாள்.

உள்ளே ஒன்பது பேர் நாற்காலிகளை அரைவட்டமாகப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். மூக்குக் கண்ணாடியைச் சங்கிலியில் மாட்டியிருந்த உயரமான அம்மா ஒருவர் எங்களைப் பார்த்து முகமெல்லாம் சிரிப்பாக ஏதோ சொல்லி உட்காரவைத்தார். சொன்னதில் ஒரு சொல்கூடப் புரியவில்லை. இதுவும் ஒரு வைத்திய முறை போலிருக்கிறது, புரியாத பாஷையில் பேசினால் நாம் வாயை மூடிக்கொண்டு இருப்போம் அல்லவா என்று நினைத்தேன். பிறகு அவர் படங்களை எடுத்தார். புடவையோ கவுனோ, ஏதோ ஒன்று கட்டிய ஒரு பெண்ணின் படத்தைக் காட்டி “மாமா” என்றார். கொத்து மீசை வைத்த ஒரு ஆளைக் காட்டி “பாப்பா” என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உங்கள் தங்கையோ என் பக்கம் சாய்ந்து, “பாத்தீங்களா, மீசை வச்சிருந்தாலும் உள்ளுக்குள்ள எல்லாம் குழந்தைங்கதான்னு இவங்களுக்கே தெரிஞ்சிருக்கு. கெட்டிக்கார ஆலோசகர்” என்றாள். எழுந்து போய்விடலாம் என்று எனக்கு நாலு தடவை தோன்றியது. ஆனால் யார் முதலில் எழுந்திருப்பது? எழுந்தவர்தானே தோற்றவர்? ஒன்றரை மணி நேரமும் இருவரும் கல் மாதிரி உட்கார்ந்திருந்தோம்.

இரண்டாவது வகுப்பின் இடைவேளையில்தான் விஷயம் உடைந்தது. பக்கத்து நாற்காலியில் ஒரு மருந்துக்கடைக்காரர் இருந்தார். ஆரம்ப வகுப்பிலேயே மூன்றாவது தடவையாகப் படிப்பவர். அவரிடம் உங்கள் தங்கை, “இந்த ஆலோசகரால உங்க வீட்ல பிரச்சினை குறைஞ்சுதா?” என்று கேட்டாள். அவர் டீக்கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, “ஆலோசகர் மேல் மாடிங்க. இது ருஷ்யன் கிளாஸ்” என்றார். மச்சான், அந்த நிமிஷம் உங்கள் தங்கை என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! என்ன செய்வது? “தெரியும். தெரிஞ்சுதான் வந்திருக்கோம்” என்று சொல்லிவிட்டேன். சொன்ன வாய்க்காக ஒரு வாரம் போக வேண்டியதாயிற்று. அந்த வாரக் கடைசியில் முப்பத்துமூன்று எழுத்துக்கும் பரீட்சை வைத்தார்கள். உங்கள் தங்கைக்கு முப்பத்தொன்று. எனக்குப் பதினாலு. பதினாலோடு வெளியேற மனம் வருமா? முப்பத்தொன்றை வாங்கியவளுக்குத்தான் நிறுத்த மனம் வருமா?

அந்த மொழியைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். அங்கே மாமா என்றால் அம்மா, பாப்பா என்றால் அப்பா, ஸ்டூல் என்றால் நாற்காலி. கையெழுத்துப் பாடத்தில் எல்லா எழுத்தும் ஒரே கொக்கி கொக்கியாக ஓடுகிறது, டாக்டர் சீட்டுகளைப் படித்துப் பழகிய மருந்துக்கடைக்காரர் ஒருவரால்தான் படிக்க முடிந்தது. வேற்றுமை ஆறுதான் என்றதும், நமக்குத்தான் எட்டு இருக்கிறதே, இரண்டு மிச்சம் என்று சந்தோஷப்பட்டேன். அந்த ஆறும் சேர்ந்து என்னைப் படுத்திய பாடு எட்டாலும் ஆகாது. எல்லாவற்றுக்கும் மேலே, ‘ஆமாம்’ என்பதற்கு அவர்கள் ‘டா’ என்கிறார்கள். முப்பது வருஷத்தில் நான் சொன்ன எதற்கும் ஆமாம் போடாத உங்கள் தங்கை, இப்போது எதைக் கேட்டாலும் என் கண்ணைப் பார்த்து, வாய் நிறைய, “டா” என்கிறாள்.

வீட்டுப்பாடம் என்று டீச்சர் ஒன்று வைத்தார். தினமும் மாலை ஆறிலிருந்து எட்டு வரை வீட்டில் தாய்மொழி கூடாது. எங்கள் இருவருக்கும் சேர்த்து அப்போது தெரிந்தது நாற்பது வார்த்தை. முதல் நாளே நான் ஈரத்துண்டை நாற்காலியில் போட்டுவிட்டேன். தமிழாக இருந்தால் அந்தத் துண்டிலிருந்து புறப்பட்டு என் அம்மா என்னை வளர்த்த விதம் வரை போயிருப்பாள். அன்றைக்கு விரலை நீட்டி, “எத்தா ஸ்டூல்!” என்றாள். இது நாற்காலி. “டா” என்றேன். அதற்கு மேல் இரண்டு பேருக்கும் வார்த்தை இல்லை. துண்டுக்கு என்ன சொல்வார்கள் என்று தேட அகராதியைப் பிரித்தவள், துண்டுக்குப் போகிற வழியிலேயே தர்பூசணியைப் பார்த்துவிட்டாள். “அய்யோ, தர்பூசணிக்கு அர்பூஸாம்!” என்று கத்தினாள், தமிழ் கூடாது என்பதையே மறந்து. இரண்டு பேரும் சிரித்தோம். துண்டு அப்படியே கிடந்தது. மறுநாள் நானாகவே எடுத்துக் கொடியில் போட்டேன்.

ஆரம்ப வகுப்பு நடந்த நாலு மாதமும் எங்கள் வீடு அவ்வளவு அமைதியாக இருந்ததற்கு இன்னொரு காரணம் உண்டு. ஆரம்ப வகுப்பில் நிகழ்காலம் மட்டும்தான். இறந்தகாலம் சொல்லித் தரவில்லை. இறந்தகாலம் இல்லாமல் புருஷன் பெண்டாட்டி எதைப் பற்றிச் சண்டை போடுவது, நீங்களே சொல்லுங்கள். இருவரும் தேறினோம். சான்றிதழ் வாங்கினோம். ஆசை விடவில்லை, இரண்டாம் நிலையிலும் சேர்ந்தோம்.

சேர்ந்த மூன்றாவது வாரம் இறந்தகாலம் வந்துவிட்டது.

அதில் ஆண் பேசினால் சொல்லுக்கு ஒரு விகுதி, பெண் பேசினால் வேறு விகுதி. நானோ எல்லாவற்றையும் உங்கள் தங்கை சொல்லச் சொல்லக் கேட்டு மனப்பாடம் செய்தவன். வகுப்பில் எழுந்து ‘நேற்று நான் நன்றாகத் தூங்கினவள்’ என்கிற மாதிரி ஏதோ சொல்ல, டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அதுகூடப் பரவாயில்லை. அடுத்த வாரம், செய்துகொண்டே இருந்ததற்கு ஒரு வினைச்சொல், செய்து முடித்ததற்கு வேறொரு வினைச்சொல் என்று ஜோடி ஜோடியாகச் சொல்லிக்கொடுத்தார். ஆளுக்கொரு உதாரணம் கேட்டார். இந்தத் தடவை எப்படியோ தேறி எங்களோடு வந்திருந்த மருந்துக்கடைக்காரர், கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன், எழுதி முடித்தேன் என்று நல்லபடியாகச் சொன்னார். பிறகு உங்கள் தங்கை எழுந்தாள். என்னைப் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்துச் சொன்னாள்: “ஓன் ரெஷால், ரெஷால், ரெஷால். நே ரெஷீல்.”

டீச்சர் கை தட்டினார். ஒரு பிழை இல்லை. மருந்துக்கடைக்காரர் என் காதில், “‘அவர் முடிவு பண்ணிக்கிட்டே, பண்ணிக்கிட்டே, பண்ணிக்கிட்டே இருந்தார். முடிவு பண்ணலை.’ யாரைங்க சொல்றாங்க?” என்றார்.

யாரை என்று எனக்குத் தெரியும் மச்சான். உங்களுக்கும் தெரிந்திருக்கலாம். பதினோரு வருஷத்துக்கு முன்னால் அந்தப் பல் டாக்டர் பக்கத்து ஊரில் கிளை திறந்தபோது, உங்கள் தங்கையைத்தான் நிர்வாகம் பார்க்கச் சொன்னார். அவள் என்னிடம் கேட்டாள். “யோசிக்கலாம்” என்றேன். மறுவாரம் கேட்டாள். “யோசிச்சிட்டுத்தான் இருக்கேன்” என்றேன். மூன்று மாதம் யோசித்தேன். அந்த வேலை வேறொருவருக்குப் போய்விட்டது. இதை அவள் தமிழில் எத்தனையோ தடவை சொல்லிவிட்டாள். ஆனால் அவள் வாயைத் திறந்ததுமே நான் என் பதிலைத் தயார்செய்ய ஆரம்பித்துவிடுவேன், அவள் சொல்வது எதுவும் காதில் விழாது. ருஷ்ய மொழியில் அந்தச் சௌகரியம் இல்லை. ஒவ்வொரு சொல்லின் வாலையும் பிடித்துக் கேட்டால்தான் அர்த்தம். அன்றைக்குத்தான் முழுசாகக் கேட்டேன். பதினோரு வருஷம் ஒருத்தி காத்திருந்தது எனக்கு நாலு சொல்லில் விளங்கியது.

அன்று வகுப்பு முடிந்து பஸ் நிறுத்தத்தில் நிற்கிறோம். தமிழில் தப்பு என் மேல்தான் என்று சொல்லி எனக்குப் பழக்கம் கிடையாது, நாக்கு வளையாது. அகராதியைப் புரட்டித் தேடி எடுத்து, “யா வினவாத்தா” என்றேன்.

உங்கள் தங்கை, “வினவாத்தான்னா பொம்பளை சொல்றது. நீங்க சொன்னா வினவாத்” என்றாள்.

குற்றம் செய்தவனுக்கு அவர்கள் மொழியில் அதுதான் பெயர் மச்சான். நம் மொழியிலும் பொருந்துகிறது பாருங்கள். ஒரு வார்த்தை வினவாதவன்தானே நான்? அதையும் அவளிடம் சொன்னேன். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியாதபடி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். வினவாதவன் வினவினேன்.

“இப்ப உனக்கு என்ன வேணும்?”

“டாக்டர் திரும்பவும் கேட்டிருக்காரு. அந்தக் கிளையில வாரம் மூணு நாள். போன மாசமே கேட்டாரு.”

“ஏன் எங்கிட்ட சொல்லல?”

“சொன்னா யோசிக்கலாம்பீங்க.”

எங்கள் பஸ் திருப்பத்தில் வந்துகொண்டிருந்தது. அது வந்து நிற்பதற்குள், “நாளைக்கே சரின்னு சொல்லிடு. மூணு நாளும் சமையல் நான் பாத்துக்கறேன்” என்று சொல்லிவிட்டேன். “உப்பு எங்க இருக்குன்னு தெரியுமா?” என்றாள். தெரியாது என்பதையும் ஒப்புக்கொண்டேன்.

அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து அவள் அங்கே நிர்வாகி. ஆகவே மச்சான், வேனுக்கு அவசியம் இல்லை, நீங்களும் முழங்காலை வருத்திக்கொண்டு வர வேண்டாம். தமிழில் பேசியவரை எங்களுக்குச் சண்டை. ருஷ்ய மொழி எங்கள் வீட்டுக்கு வந்ததிலிருந்து ஒரு தடவைகூடக் குரல் உயரவில்லை. ஆலோசகரின் அறிக்கைக்குப் பதிலாக எங்கள் இருவரின் ஆரம்ப நிலைச் சான்றிதழ்களின் நகலையும் இத்துடன் வைத்திருக்கிறேன். உங்களால் படிக்க முடியாது என்றாலும் முத்திரை பெரிதாக இருக்கிறது.

வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கத்தையும், பிள்ளைகளுக்கு என் ஆசியையும், உங்களுக்கு இரண்டில் எது பொருந்துமோ அதையும் தெரிவித்துக்கொண்டு,

தங்கள் அன்பும் பொறுமையும் என்றும் வேண்டும்
தங்கையின் கணவன்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன் கடிதத்தை உங்கள் தங்கையிடம் படிக்கக் கொடுத்தேன். அது தப்பு. “அது என்ன, கல் மாதிரி உக்காந்திருந்தோம்? நீங்க குறட்டை விட்டீங்க” என்று ஆரம்பித்தாள். நான் ஒன்று சொல்ல, அவள் ஒன்று சொல்ல, மணி ஆறு தாண்டியதைக் கவனிக்கவில்லை. ஒருத்தர் வாயிலும் ஒரு ருஷ்ய வார்த்தை வரவில்லை. எட்டு மாதமாகச் சேர்த்துவைத்த தமிழ் எல்லாம் ஒரே மூச்சில் வந்தது. இரண்டு மணி நேரம், மச்சான்! எதிர்வீட்டு ஜன்னல்கூடத் திறந்தது. அவள் சொன்னதையெல்லாம் கேட்டேன், நான் சொன்னதையெல்லாம் அவளும் கேட்டாள், முடிந்ததும் இருவருக்கும் நல்ல பசி. எனவே ருஷ்ய மொழியின் மகிமையைப் பற்றி மேலே எழுதிய எதையும் நம்ப வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை அவசியம் வரவும். ஏழு விஷயங்கள் தீர்ப்பாகாமல் நிற்கின்றன, நடுவே உட்கார ஒரு ஆள் வேண்டும். அவர் தமிழ் மட்டுமே தெரிந்தவராக இருப்பது நல்லது என்கிறாள் உங்கள் தங்கை. இந்த ஒரு விஷயத்தில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை.