பாசிக் கொழுந்து

இலங்கை ஒரு தீவு. நான்கு பக்கமும் கடல். ஆகவே இந்நாட்டில் வாழும் ஒவ்வொருவரும் கடல்வாழ் உயிரினங்களைப் பற்றி அறிந்திருத்தல் இன்றியமையாதது என்று ஐம்பத்தைந்தாம் ஆண்டில் கொழும்பில் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து தீர்மானித்தார்கள். இதில் யாருக்கும் ஆட்சேபணை இருக்க முடியாது. எங்களுக்கும் இருக்கவில்லை, ஏனென்றால் எங்களை யாரும் கேட்கவில்லை.

இந்த அறிவை முதலில் எங்கே பரப்புவது என்று அடுத்ததாக ஆராய்ந்தார்கள். கரையோரத்து ஆட்களுக்குக் கடலைப் பற்றி ஏற்கனவே தெரியும். தெரிந்தவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது வீண் செலவு. தெரியாதவர்களுக்குத்தான் பயிற்சி தேவை, கடலிலிருந்து தூரம் கூடக்கூடத் தெரியாமையும் கூடும். இந்த நியாயத்தைப் பிடித்துக்கொண்டு தேசப்படத்தில் விரலை வைத்து ஏறியவர்கள், வட்டவளையைத் தாண்டி, அட்டனைத் தாண்டி, டிக்கோயாவுக்கும் மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில் வந்து நின்றார்கள். இன்னும் மேலே போனால் சிவனொளிபாதமலைதான். அங்கே எங்கள் ஜனங்கள் குடியிருக்கும் லயம் கிடையாது.

கடலறிவுப் பரவல் அதிகாரி திரு. பத்திநாதன் அவர்கள் அடைமழைக் காலத்தில் இரண்டு டிரங்குப் பெட்டிகளோடு வந்து இறங்கினார். ஒன்றில் மீன் படங்கள். மற்றதில் கம்பளிச் சட்டைகள். படகில் கால் வைத்தால் அவருக்குத் தலை சுற்றுமாம். அந்த ஒரு தகுதிக்காகவே மலைநாட்டுக்கு அவரைத் தெரிவு செய்ததாகப் பெருமையாகச் சொன்னார்.

பயிற்சி நடத்த ஒரு கூரை வேண்டும். தோட்டத்தில் மேனேஜர் தொரையின் பங்களா, தொழிற்சாலை, மாட்டுப்பட்டி, பள்ளிக்கூடம் என்று நான்கு நல்ல கூரைகள் இருந்தன. முதல் மூன்றும் இல்லாமல் தோட்டம் நடக்காது. ஆகவே பள்ளிக்கூடத்தைக் கொடுத்தார்கள்.

பள்ளிக்கூடம் என்றால் ஒரே அறை, ஒரே வாத்தியார், செபமாலை மாஸ்டர். பொடி போடுவார், கோபம் வந்தால் இலத்தீனில் செபம் சொல்லுவார். அந்த வருடந்தான் முதல் தடவையாக ஐந்தாம் வகுப்பில் ஒரு நீள வாங்குப் பலகை நிறையப் பிள்ளைகள் சேர்ந்திருந்தார்கள். அதற்கு முன்னால் ஐந்தாம் வகுப்புக்கு வாங்கே தேவைப்பட்டதில்லை. அந்த வாங்கைத் தினமும் காலையில் அவரே துடைப்பார்.

"இரண்டே இரண்டு வாரந்தான், மாஸ்டர்," என்றார் அதிகாரி.

"ரெண்டு வாரம் உங்களுக்குங்க ஐயா. பள்ளிக்கூடம் மூடிக் கெடந்தா அஞ்சாம் வகுப்பு முழுக்கப் புல்லு வெட்டப் பேர் போட்டுருவாங்க. மலைக்குப் போன பிள்ளை திரும்பி வராதுங்க."

"அது கல்விப் பகுதி சம்பந்தப்பட்ட விடயம். நான் கடல்."

மாஸ்டர் இலத்தீனில் இரண்டு வரி சொல்லிவிட்டுச் சாவியைக் கொடுத்தார்.

மறுநாள் பெரட்டில், அதாவது விடியற்காலையில் எல்லாரையும் நிறுத்தி வேலை பிரிக்கும் இடத்தில், கணக்கப்பிள்ளை சின்னராசா ஐயா அறிவித்தார்: "இன்னக்கி மூணாம் நம்பர் மலை கவ்வாத்து. ஏழாம் நம்பர் கொழுந்து. பள்ளிக்கூடத்துல கடல்." கடலுக்குப் போனால் அன்றைய பேர், அதாவது ஒரு நாள் கூலி, முழுசாக விழும் என்றதும், கொட்டுகிற மழையில் எங்கள் ஜனங்களுக்குக் கடல்மீது ஏற்பட்ட ஆர்வத்தைச் சொல்லி முடியாது. கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு எல்லாரும் ஓடினார்கள்.

அதிகாரி சுவரில் ஒரு படத்தை மாட்டினார். "இது பேய்க்கணவாய். இதற்கு எட்டுக் கைகள் உண்டு."

கொழுந்து கிள்ளுவதில் தோட்டத்திலேயே வேகமான காளியாயி எழுந்தாள். "எட்டுக் கையும் கொழுந்து கிள்ளுமாங்க?"

"கடலில் கொழுந்து இல்லை, அம்மா."

"பெறகு என்னத்துக்குங்க எட்டுக் கையி?"

அதிகாரி படத்தைத் திரும்பிப் பார்த்தார். அதற்குள் சின்னராசா ஐயா எழுந்துவிட்டார். "எட்டுக் கைன்னா நாலாளு வேலைங்க. அதுக்கு ஒரு பேரா, நாலு பேரா?"

"இது கொள்கை சம்பந்தப்பட்ட வினா. மேலிடத்தைக் கேட்டுச் சொல்கிறேன்."

"கேக்க வேணாங்க. ஒரு பேருதான். கூடை ஒண்ணுதானே."

பெண்கள் பக்கம் முணுமுணுப்பு கிளம்பியது. ஒரு பேருக்கு எட்டுக் கையாலும் வேலை வாங்குவதா என்று அவர்களுக்கு ஆத்திரம். அன்றிலிருந்து பேய்க்கணவாய் எங்கள் ஆளாகிவிட்டது.

இரண்டு வாரம் முடிந்தது. பயிற்சி முடியவில்லை. "மாதிரி உயிரினங்களைப் பயிலுநர் நேரிற் கண்டு, தொட்டு, இன்னதென அறிந்து கூறிய பின்னரே பயிற்சி நிறைவுற்றதாகக் கொள்ளப்படும்" என்று சுற்றறிக்கையில் ஒரு வரி இருந்தது. மாதிரி உயிரினம் மன்னாரிலிருந்து ரயிலில் வர வேண்டும். வரவில்லை. வராததால் பயிற்சி நீண்டது. பேய்க்கணவாயின் இடது கைகள் எவை, வலது கைகள் எவை என்பதை அதிகாரி இன்னொரு தடவை விளக்கத் தொடங்கினார்.

இதற்கிடையில் மாஸ்டர் சொன்னதுதான் நடந்தது. பெரட்டில் பிள்ளைகளின் பெயரும் விழ ஆரம்பித்தது. புல்லுச் சுரண்டியோடு போகிற வழியில் அவர்கள் பள்ளிக்கூட ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பார்கள். உள்ளே அவர்களுடைய வாங்கில் அவர்களுடைய தாய்தகப்பன் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தார்கள். மாஸ்டர் மழையில் நனைந்தபடி அட்டன் ஸ்டேசனுக்கு நடந்து போய், "கடல் வந்துருச்சாங்க?" என்று விசாரித்துவிட்டு வருவார். மனுசனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று ஸ்டேசனில் பேசிக்கொண்டார்கள்.

கடைசியில் ஒரு நாள் சாயந்திரம் அது வந்தது. பழைய லொறி ஒன்று ஸ்டேசனிலிருந்து ஈரச் சாக்குகளை ஏற்றிக்கொண்டு வந்து, எங்கள் தோட்டத்தில் எந்த ஈரச் சாக்கும் இறங்குகிற இடத்தில் இறக்கிவிட்டுப் போய்விட்டது. அதாவது கொழுந்து மடுவத்தில்.

அது கொழுந்து நிறுக்கிற நேரம். சாக்கு ஈரமாயிருந்தது. உள்ளே பச்சையாய் இலை இருந்தது. எங்கள் தோட்டத்தில் ஈரச் சாக்கில் பச்சை இலை இருந்தால் அதை என்ன செய்வது என்பதில் யாருக்கும் சந்தேகம் வந்தது கிடையாது. சின்னராசா ஐயா தராசில் மாட்டினார். தண்ணீருக்கென்று வழக்கம்போல் கழித்தார். கடல் தண்ணீருக்கும் கழித்த கணக்கப்பிள்ளை இந்தச் சீமையிலேயே அவர் ஒருவர்தான். பிறகு ஒரு பிடி அள்ளிப் பார்த்தார்.

"ஒரே முத்தல். இத எவ கிள்ளுனது?"

பெண்கள் ஒருவர் கூடையை ஒருவர் எட்டிப் பார்த்தார்கள்.

"காளியாயி, நீயா?"

"என் கூடைய நிறுத்து முடிச்சாச்சுங்களே. இந்த நாத்தம் புடிச்சது எனக்கு எதுக்குங்க?"

அவர் பொதுவாக எல்லாப் பெண்களையும் திட்டிவிட்டு, சாக்குகளைத் தொழிற்சாலைக்கு அனுப்பினார். அங்கே கொழுந்து வாடப் போடும் மாடியில் மன்னார்க் கடற்பாசி ஏழாம் நம்பர் மலைக் கொழுந்தோடு ஒன்றாகப் படுத்து வாடியது, அரைபட்டது, வறுபட்டது. தூள் பதம் பார்க்கும் டீமேக்கருக்குத் தடிமன், மூக்கடைப்பு. வாசம் தெரியவில்லை.

காலையில் அதிகாரி மாதிரி உயிரினத்தைத் தேடிக்கொண்டு தொழிற்சாலைவரை வந்துவிட்டார். டீமேக்கர் கறுப்பாய் ஒரு கைப்பிடித் தூளை நீட்டினார். தேயிலைப் பெட்டிகள் அதற்குள் கொழும்புக்கு ஏறிவிட்டன.

"என் உத்தியோகம் போச்சு," என்று அதிகாரி அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டார்.

அவருக்குப் பின்னாலேயே வந்திருந்த செபமாலை மாஸ்டர் ஒரு சிட்டிகைப் பொடியை உறிஞ்சிக்கொண்டார். "ஐயா, உங்க சுற்றறிக்கையில என்ன எழுதியிருக்கு? கண்டு, தொட்டு, இன்னதுன்னு சொல்லணும். அது உசிரோட இருக்கணும்னு எழுதியிருக்கா?"

"இல்லை."

"வாட்டக் கூடாதுன்னு?"

"இல்லை."

"சுடுதண்ணி ஊத்தக் கூடாதுன்னு?"

அதிகாரி சுற்றறிக்கையை எடுத்து இரண்டு பக்கமும் பார்த்தார். அவர் முகத்தில் இரத்தம் திரும்பியது. "அவ்வாறான தடை எதுவும் விதிக்கப்படவில்லை," என்றார்.

அன்றைக்கே பரீட்சை. ஆளுக்கொரு கோப்பை. காளியாயி முதலில் குடித்தாள், முகத்தைச் சுளித்தாள். "உப்பாக் கெடக்குங்க."

"கடலின் தலையாய இயல்பு. சரியான விடை."

அடுத்தவர் குடித்தார். "கொமட்டுதுங்க."

"படகுப் பயணம். அதுவும் சரி."

எல்லாரும் பாஸ். அகில இலங்கையிலும் இப்படி ஒரு பெறுபேறு வந்ததில்லை என்று கொழும்பிலிருந்து பாராட்டு வந்தது. மாஸ்டர் சாவியைத் திருப்பி வாங்கி, வாங்கைத் துடைத்து, பிள்ளைகளை மலையிலிருந்து கூப்பிட்டுக்கொண்டு வந்தார். கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கொழும்புக்குப் போன பெட்டிகளை யாரோ ஒரு சீமாட்டி விருந்தில் ஊற்றிவிட்டாள். விருந்தினருள் பெரிய இடத்து ஆள் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு, "கரையில் நிற்பதுபோல் இருக்கிறது," என்றார். அவ்வளவுதான், கொழும்பில் பணக்காரர்கள் குடியிருக்கும் கறுவாத்தோட்டத்துப் பங்களாக்களில் கடல் தேத்தண்ணீர் இல்லாமல் விருந்தே கிடையாது என்றாகிவிட்டது. சீனி கேட்டவர்களை அடுத்த விருந்துக்குக் கூப்பிடவில்லை. காலிமுகத்திடலுக்கு எதிர்வீட்டுக்காரர்கள் கோப்பையில் வருகிற கடல் வாசத்தை அனுபவிப்பதற்காகக் கடல் பக்கத்து ஜன்னலைச் சாத்திக்கொண்டார்கள். அந்த நாகரிகம் மலையேறி எங்கள் லயத்துக்கும் வந்தது. வெறும் சாயத் தண்ணீரில் ஒரு கல் உப்பைப் போட்டுக் குடித்துவிட்டு, காளியாயிகூட ஒரு நாள், "கரையில நிக்கிறாப்புல இருக்கு," என்றாள். அவள் எந்தக் கரையிலும் நின்றவள் அல்ல. நானும் குடித்தேன், தலையை ஆட்டினேன்.

தொரைக்கு இன்னும் பாசி வேண்டும். பாசி அரசாங்கச் செலவில் வரும், பயிற்சிக்கு மாத்திரம் வரும். ஆகவே பயிற்சி வேண்டும். பயிற்சிக்குக் கூரை வேண்டும். மாஸ்டர் மறுபடியும் சாவியைக் கொடுக்க வேண்டியதாயிற்று. ஆனால் இந்தத் தடவை அவர் இலத்தீனுக்குப் போகவில்லை.

"ஐயா, பயிற்சிக்கு யாரு யாரு வரலாங்க?"

"தோட்டத்தில் வதியும் எவரும்."

"வயசு?"

"வயதெல்லை குறிப்பிடப்படவில்லை."

அடுத்த நாள் பெரட்டில் ஐந்தாம் வகுப்பு முழுவதும் கடலுக்குப் பேர் கொடுத்தது. பிள்ளைகள் தங்கள் வாங்கில் போய் உட்கார்ந்தார்கள். மாஸ்டர் உதவிப் பயிற்றுநர் ஆனார். ஒரு பேய்க்கணவாய்க்கு எட்டுக் கை, இரண்டுக்குப் பதினாறு என்று எட்டாம் வாய்ப்பாடு நடந்தது. திமிங்கிலத்தைப் பற்றிக் கட்டுரை எழுதினார்கள். பாசி வரும்போதெல்லாம் ஒரு கோப்பை குடித்துப் பரீட்சையிலும் பாஸானார்கள். மேலிடத்திலிருந்து யாராவது வந்தால் பூமிசாத்திரத்தை மறைத்துவிட்டு நண்டை எடுப்பார்கள். அப்படிச் சில வருடம் அந்த அறையில் நடந்ததுபோல் படிப்பு எங்கள் தோட்டத்தில் முன்னும் நடந்ததில்லை, பின்னும் நடக்கவில்லை. மாஸ்டர் ஒரு சுற்றுப் பெருத்துவிட்டார்.

அப்போதுதான் மன்னார்ப் பக்கம் கடல் ஆராய்ச்சி நிலையம் ஒன்று திறப்பதாகவும், பயிற்சி பெற்றவர்கள் உத்தியோகத்துக்கு விண்ணப்பிக்கலாம் என்றும் அறிவித்தார்கள். நாடு முழுக்கத் தேடினாலும் பயிற்சி பெற்றவர்கள் எங்கள் தோட்டத்தில்தான் இருந்தார்கள். பழைய ஐந்தாம் வகுப்பில் மீசை அரும்பியவர்கள் எல்லாரையும் குளிப்பாட்டி, தலைவாரி, மாஸ்டர் அதிகாரியின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்.

பத்திநாதன் நிமிர்ந்து பார்க்கவில்லை. "முதல் நிபந்தனை, விண்ணப்பதாரி இந்நாட்டுப் பிரஜையாக இருத்தல் வேண்டும், மாஸ்டர்."

"இங்கதாங்க பொறந்தாங்க. இவங்க அப்பன்மாரும் இங்கதாங்க பொறந்தாங்க."

"அதற்கு அத்தாட்சி?"

அத்தாட்சி இல்லை. எங்களில் யாருக்குத்தான் இருந்தது? இந்தியாவிலிருந்து வந்தவர்கள் என்று நாற்பத்தெட்டாம் ஆண்டிலேயே எங்கள் பிரஜாவுரிமையைப் பறித்திருந்தார்கள்.

மாஸ்டர் பொடி டப்பாவைத் திறந்து மூடினார். "ஐயா, அந்தப் பாசி எந்த நாட்டுப் பிரஜைங்க?"

"மன்னாரில் எடுத்தது. ஆகவே இலங்கைப் பாசி."

"அக்கரையிலேர்ந்து மெதந்து வந்திருந்தா?"

"மிதந்து வந்தாலும், எடுக்கும்போது இங்கே இருந்தது," என்றார் அதிகாரி. சொன்ன பிறகு அவருக்கே என்னவோபோல் இருந்திருக்க வேண்டும். அன்றைக்குப் பரீட்சைத் தேத்தண்ணீரை அவர் குடிக்கவில்லை.

உத்தியோகங்கள் பிரஜைகளுக்குப் போயின. அவர்களுக்குக் கடல் தெரியாது. ஆகவே பயிற்சிக்கு அனுப்பினார்கள். இலங்கையில் அந்தப் பயிற்சி நடக்கிற ஒரே இடத்துக்கு, கம்பளிச் சட்டைகளோடு லொறி நிறைய வந்து இறங்கி, வாங்குகளில் உட்கார்ந்துகொண்டார்கள். பேய்க்கணவாயைப் பற்றிக் காளியாயி எழுந்து விளக்கம் சொன்னாள். எட்டுக் கைக்கும் ஒரே பேர்தான் என்று அவள் சொன்னதை அவர்கள் குறித்துக்கொண்டார்கள்.

அந்த வருடத்து ஐந்தாம் வகுப்பு வெளியே மழையில் நின்றது. மாஸ்டர் நனைந்துகொண்டே பெரட்டுக்கு ஓடினார்.

"சின்னராசா ஐயா, எடமில்லீங்க. வாங்கு முழுக்கக் கொழும்பு ஆளுங்க. எங்க பிள்ளைங்க எங்கங்க போவாங்க?"

சின்னராசா ஐயா பெரட்டு முழுவதையும் ஒரு தடவை பார்த்துவிட்டு, மிகவும் நியாயமான மனிதராகப் பதில் சொன்னார்.

"அதுங்கதான் எல்லாம் பாஸாயிருச்சுங்களே, மாஸ்டர். பாஸான பிள்ளைக்கு எதுக்குப் பள்ளிக்கூடம்?"

எங்களுக்கும் அது சரியாகத்தான் பட்டது. அவர் வரிசையாகப் பெயர் கூப்பிட்டார். பிள்ளைகள் புல்லுச் சுரண்டியை எடுத்துக்கொண்டு மலைக்கு ஏறினார்கள். நாங்கள் உப்புத் தேத்தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டு அவர்களுக்குப் பின்னால் போனோம்.